ம. சிங்காரவேலர்: நிறையும் குறையும்
ஜர்ஹ் - தஅதீல் நோக்கில் ஒரு மதிப்பீடு

சென்னைத் தியாகராய நகரில் இரண்டு பொதுவுடைமைக் கட்சிகளின் மாநிலத் தலைமை அலுவலகங்கள் இருக்கின்றன. செவாலியே சிவாஜி கணேசன் சாலையிலுள்ள பாலன் இல்லம் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியினுடையது; வைத்தியராமன் தெருவிலுள்ள பி. ராமமூர்த்தி நினைவகம் மார்க்சிஸ்ட் கட்சியினுடையது. இவ்விரு கட்சியாரும் தம் இயக்கம் பிறந்த நாளை ஒன்றாகக் கணிப்பதில்லை. முன்னவர் 1925 டிசம்பர் 26 அன்று கான்பூரில் கூடிய மாநாட்டைத் தொடக்கமாகக் கொள்வர். அக்கணக்கின்படி 2025 டிசம்பரில் நூறாண்டு நிறைந்தது. பின்னவர் 1920 அக்டோபர் 17 அன்று தாஷ்கண்டில் அமைந்த குழுவையே தொடக்கம் என்பர். எந்தக் கணக்கு சரி என்பது அவர்களுக்குள் உள்ள வழக்கு. நாம் அதில் தலையிட வேண்டியதில்லை.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டு பிறப்புகளிலும் முஸ்லிம்கள் உடனிருந்திருக்கிறார்கள். கிலாஃபத் உணர்ச்சி மேலிட, 1920இல் ஹிஜ்ரத் புறப்பட்டு, காபூல் வழியாக சோவியத் எல்லையைக் கடந்த இளைஞர்கள் சிலர் தாஷ்கண்ட் முயற்சியில் இடம்பெற்றனர். அக்குழுவின் செயலாளர் முஹம்மது ஷஃபீக் என்பவர். கான்பூர் மாநாட்டின் வரவேற்புக் குழுத் தலைவரோ மௌலானா ஹஸ்ரத் மோஹானி. கஸல் கவிஞர், 1921 அஹ்மதாபாத் காங்கிரஸில் காந்தியடிகளின் எதிர்ப்பையும் மீறி முழுவிடுதலைத் தீர்மானத்தை முன்மொழிந்தவர், 'இன்குலாப் ஜிந்தாபாத்' என்னும் முழக்கத்தை நாட்டுக்குத் தந்தவர், பிற்காலத்தில் பலமுறை ஹஜ் செய்தவர். அந்த மௌலானா வரவேற்ற மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னைக் கடற்கரையைச் சேர்ந்த மயிலாப்பூர் சிங்காரவேலர். இக்கட்டுரை அவரைப் பற்றியது.

சிங்காரவேலரைப் பற்றி இரண்டு ஆயத்தத் தீர்ப்புகள் நம்மிடையே புழங்குகின்றன. கட்சி சார்ந்த மலர்களிலும் விழா உரைகளிலும் அவர் குறையே இல்லாத முன்னோடி: தென்னாட்டின் முதல் கம்யூனிஸ்ட், சிந்தனைச் சிற்பி. நம் மேடைகளில், அவர் பெயர் வந்தால், ஒரே சொல்தான்: நாத்திகர். அந்தச் சொல் வந்ததும் கோப்பு மூடப்பட்டுவிடும். புகழ் மட்டுமே சொல்வது மதிப்பீடு ஆகாது. அவ்வாறே ஒரு சொல்லில் தள்ளிவிடுவதும் மதிப்பீடு ஆகாது. இரண்டுக்கும் உழைப்புத் தேவையில்லை.

நம் முன்னோர் மனிதர்களை மதிப்பிடுவதற்கென்றே ஒரு கலையை வளர்த்தார்கள். 'அல்ஜர்ஹு வத்தஅதீல்' என்பது அதன் பெயர். அறிவிப்பாளர்களின் குறை காண்பதும் நிறை காண்பதும் என்று அதைத் தமிழில் விரிக்கலாம். நபிமொழியை அறிவிப்பவர் நம்பத்தக்கவரா, அவர் நினைவாற்றல் எத்தகையது, தம் ஆசிரியரை அவர் நேரில் சந்தித்தாரா என்றெல்லாம் ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்வை அவர்கள் துருவி ஆராய்ந்தனர். உறவு பார்க்கவில்லை. அலீ பின் அல்மதீனி (ரஹ்) அவர்களிடம் அவர் தந்தையைப் பற்றிக் கேட்டபோது, முதலில் வேறு யாரிடமாவது கேளுங்கள் என்று ஒதுங்கியவர், மீண்டும் வற்புறுத்தியதும், இது மார்க்கம் என்று சொல்லித் தம் தந்தை பலவீனமானவர் என்றே தீர்ப்பளித்தார். பகையும் பார்க்கவில்லை. கவாரிஜ் கொள்கையினரான இம்ரான் பின் ஹித்தானிடமிருந்து இமாம் புகாரீ (ரஹ்) அறிவிப்பை ஏற்றிருக்கிறார். இமாம் தஹபீ (ரஹ்) தம் மீஸானுல் இஃதிதாலின் தொடக்கப் பகுதியிலேயே அபான் பின் தஃக்லிப் என்பவரைத் தீவிர ஷீஆ என்று அடையாளம் காட்டிவிட்டு, அவருடைய வாய்மையை நாம் எடுத்துக்கொள்வோம், அவருடைய புதுமைக் கொள்கை அவரோடு இருக்கட்டும் என்ற பொருளில் எழுதிச் செல்கிறார்.

இக்கலையில் நமக்கு மிகவும் பயன்படக்கூடிய நுட்பம் ஒன்றுண்டு. ஒருவரை முழுதாக ஏற்பது, முழுதாகத் தள்ளுவது என்ற இரண்டே வழிகள் இங்கு இல்லை. இஸ்மாயீல் பின் அய்யாஷ் என்ற அறிவிப்பாளரை எடுத்துக்கொள்வோம். அவர் ஷாம் நாட்டவர். தம் நாட்டு ஆசிரியர்களிடமிருந்து அறிவிக்கும்போது அவர் நம்பத்தக்கவர். ஹிஜாஸ் நாட்டாரிடமிருந்து அறிவிக்கும்போது பலவீனமானவர். அதே மனிதர், அதே நாக்கு. தாம் அருகிருந்து கேட்டதைச் சரியாகச் சொன்னவர், தொலைவிலிருந்து கொண்டுவந்ததில் தடுமாறினார். மாணவர்களுக்கு உஸூலுல் ஹதீஸ் நடத்தும்போது இந்த இடத்தில் நாம் சற்று நின்றே போவது வழக்கம். ஏனெனில் மனிதர்களைப் பற்றிய நம் அன்றாடத் தீர்ப்புகள் பலவும் இந்த இடத்தில்தான் பிழைபடுகின்றன.

சிங்காரவேலர் ஹதீஸ் அறிவிப்பாளர் அல்லர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தராசை மட்டுமே கடன் வாங்குகிறோம். அத்தராசில் வைத்துப் பார்த்தால் அவரும் ஓர் இஸ்மாயீல் பின் அய்யாஷ் என்பதே நம் துணிபு. அவருக்கும் ஒரு ஷாம் உண்டு, ஒரு ஹிஜாஸ் உண்டு.

அவருடைய ஷாம் எது? திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் இடைப்பட்ட கடற்கரை. 1860 பிப்ரவரி 18 அன்று அயோத்தியாகுப்பத்தில், மீனவர் குலத்தில் பிறந்தார். கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சட்டம் படித்து, உயர்நீதிமன்ற வழக்கறிஞரானார். தெற்குக் கடற்கரைச் சாலையில், இன்று காமராசர் சாலை என்று வழங்குகிற அந்த நீண்ட சாலையில், அவருடைய வீடு இருந்தது. நூல்கள் நிறைந்த வீடு. மகாபோதி சங்கத் தொடர்பால் பௌத்தத்தில் ஈடுபட்டார். டார்வினையும் பிறரையும் தமிழ் இளைஞர்களுக்கு எடுத்துச் சொன்னார். இவ்வளவோடு அவர் நின்றிருந்தால், படித்த மேட்டுக்குடியினர் வரிசையில் ஒருவராகவே அவரை நாம் நினைத்திருப்போம்.

1921இல், ஒத்துழையாமை இயக்கத்தின்போது, வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். அப்போது வயது அறுபத்தொன்று. பலரும் ஓய்வையும் பேரக்குழந்தைகளையும் தேடும் பருவத்தில் இவர் தொழிலாளரைத் தேடிப் போனார். மறு ஆண்டு டிசம்பரில் கயா காங்கிரஸில் தம்மைக் கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு பேசினார். அந்நாளில் அது சிறைக்கதவைத் தட்டும் சொல். 1923 மே முதல் நாளன்று சென்னையில் இரண்டு கூட்டங்கள் நடத்தினார்: ஒன்று உயர்நீதிமன்றத்தை ஒட்டிய கடற்கரையில், மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். இந்தியாவில் மே நாள் கொண்டாடப்பட்டது அதுவே முதல்முறை. இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியை அன்று அறிவித்தார். தமிழில் 'தொழிலாளன்' என்ற இதழையும், அதனோடு ஓர் ஆங்கில இதழையும் நடத்தினார். கொடிக்குச் சிவப்புத் துணி கிடைக்காமல் மகளின் சேலையைக் கிழித்தார் என்றொரு கதை வழங்குகிறது. கதைக்கு ஸனத் தேடிக்கொண்டிருப்பது நம் தொழில் என்றாலும், அதை இங்கே விட்டுவிடுவோம். கதையின்றியே அந்நாள் பெரியது. பிற்காலத்தில், 1959இல், தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை அதே கடற்கரையில் நிறுவப்பட்டது. 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலிலிருந்து அவ்விடத்துக்கு நடந்தே போய்விடலாம்.

1924இல் கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கில் எம்.என். ராய், எஸ்.ஏ. டாங்கே, முஸஃபர் அஹ்மத், ஷௌகத் உஸ்மானி முதலியோருடன் சிங்காரவேலர் பெயரும் சேர்க்கப்பட்டது. நோயுற்றிருந்ததால் அவர் விசாரணைக்கு உட்படவில்லை. வழக்கு அவரை விட்டுப் போயிற்று. ஆனால் நான்காண்டுகள் கழித்து அவர் தப்பிக்கவுமில்லை, தப்பிக்க முயலவுமில்லை. தென்னிந்திய ரயில்வே நிர்வாகம் பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்றுசேர்த்து ஆட்குறைப்பில் இறங்கியபோது, 1928 ஜூலையில் மூண்ட வேலைநிறுத்தத்தில் முன்னின்றார். அறுபத்தெட்டு வயது முதியவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு 1930இல் வெளியே வந்தார்.

இவற்றை நாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜர்ஹ் - தஅதீல் கலையில் முதல் கேள்வி 'அதாலத்': அதாவது, சொல்லுக்கும் வாழ்வுக்கும் இடையே உள்ள நேர்மை. உழைப்பவனின் பசியைப் பற்றிச் சிங்காரவேலர் சொன்னபோது, அதைத் தம் தொழிலாலும் சிறைவாசத்தாலும் உறுதி செய்தார். சம்பாதித்துக்கொண்டே புரட்சி பேசவில்லை. குப்பத்துக் கடற்கரையில் தாம் கண்ட வாழ்வு, ஆலைவாசலிலும் ரயில்வே பணிமனையிலும் தாம் கேட்ட முறையீடு, இவையே அவருடைய ஆசிரியர்கள். இவர்களிடமிருந்து அவர் கொண்டுவந்த செய்தியை நாம் ஸிகத், நம்பத்தக்கது என்று ஏற்கத் தயங்க வேண்டியதில்லை. கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடவேண்டும் என்ற கருத்துடைய நபிமொழியை மே நாள்தோறும் நம் அமைப்புகள் சுவரொட்டியில் அச்சிடுகின்றன. இப்னு மாஜாவில் வரும் அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருக்கிறது என்பதை ஹதீஸ் மாணவர் அறிவர். அதைவிட வலுவானது புகாரீயில் உள்ளது: ஆளை வேலைக்கமர்த்தி முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வழக்காடுவான் என்ற கருத்துடையது. பலவீனமானதைச் சுவரில் ஒட்டுகிறோம். வலுவானதை வகுப்பறையோடு நிறுத்திக்கொள்கிறோம். வழக்காட முன்வந்தவர்களில் ஒருவராகத் தம் அறியாமையிலேயே சிங்காரவேலர் நின்றார் என்று சொன்னால், இறைமறுப்பாளரை நாம் புகழ்வதாக யாரும் எண்ணவேண்டா.

அவருடைய மற்றொரு நிறை, அறிவைப் பொதுவாக்கியது. 'குடிஅரசு' இதழிலும், 1935இல் தாமே தொடங்கிய 'புது உலகம்' இதழிலும் அவர் எழுதிய கட்டுரைகளைத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் தேடிப் படிப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. விண்மீன், அணு, உயிர்த் தோற்றம், சோதிடம், பேய் என்று எதை எடுத்தாலும் எழுத்தறிவு குறைந்த வாசகரையும் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறார். அறிவியலுக்குத் தமிழில் கலைச்சொற்கள் இல்லாத காலம். சொற்களைத் தேடித் தேடி, சில இடங்களில் தடுமாறி, வடமொழியையும் ஆங்கிலத்தையும் கலந்து, எப்படியோ பொருளைப் புரியவைத்துவிடுகிறார். நடை செப்பமானதல்ல, சொன்னதையே மீண்டும் சொல்வார். ஆனால் வாசகரை ஓரிடத்திலும் தாழ்த்திப் பேசவில்லை. அரபுத் தமிழில் பாமரருக்காக எழுதிய நம் கீழக்கரை, காயல்பட்டினத்து ஆலிம்களிடம் இருந்த அந்தப் பொறுமையை நாம் இங்கே அடையாளம் காணமுடிகிறது.

இனி அவருடைய ஹிஜாஸுக்கு வருவோம்.

அவருடைய இறைமறுப்பை நாம் ஏற்பதற்கில்லை. அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் 'அவர் நாத்திகர்' என்பது குறைகூறல் ஆகாது. அது கொள்கையின் பெயர் மட்டுமே. குறை சொன்னால் காரணம் விளக்கப்படவேண்டும் என்பது இக்கலையின் விதி. 'ஜர்ஹ் முஃபஸ்ஸர்' என்பார்கள். எனவே விளக்குவோம்.

சென்னையில் நடந்த நாத்திகர் மாநாட்டுக்குத் தலைமையேற்றவர் அவர். 'கடவுளும் பிரபஞ்சமும்', 'மெய்ஞ்ஞான முறையும் மூடநம்பிக்கையும்' முதலிய எழுத்துக்களில் அவர் முன்வைக்கும் வாதத்தின் எலும்புக்கூடு இதுதான்: அச்சத்திலும் அறியாமையிலும் பிறந்தது மதம், ஆள்வோரும் குருமாரும் அதை வளர்த்தனர், அறிவியல் வளர வளர அது தேயும். இந்தச் செய்தியை அவர் எங்கிருந்து பெற்றார்? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நூல்களிலிருந்து. அந்நூல்களை எழுதியவர்கள் தம் கண்முன் கண்ட திருச்சபையையும், அதற்கும் அறிவியலுக்கும் இடையே நடந்த போரையும் மனத்தில் வைத்து எழுதினார்கள். அவர்கள் தம் ஊர்ச் செய்தியைச் சொன்னார்கள். சிங்காரவேலர் அதைக் கடல்கடந்து கொண்டுவந்து, உள்ளூர்ப் புரோகிதத்தின் மீது பொருத்தினார்; அங்கே அது ஓரளவு பொருந்தவும் செய்தது. பிறகு எல்லா மதங்களுக்கும் அதையே நீட்டினார். தவ்ஹீதை அதன் மூலநூல்களின் வழி அவர் சந்தித்ததற்கான தடயத்தை நாம் வாசித்த கட்டுரைகளில் காணவில்லை. ஹதீஸ் மொழியில் சொன்னால் தொடர் அறுந்திருக்கிறது; 'முன்கதிஃ'. நேரில் காணாத ஆசிரியரிடமிருந்து அறிவித்திருக்கிறார். மீனவனின் வலையைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு கண்ணியையும் அறிந்து பேசியவர், தொழுகைப் பாயில் நிற்கும் கூலியாளின் உள்ளத்தைப் பற்றி எழுதும்போது வேறு நாட்டார் எழுதிவைத்ததை ஒப்பித்தார். இந்தப் பகுதியில் அவர் ளயீஃப்.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இஸ்லாத்தில் புரோகிதர் இல்லை என்று மேடையில் முழங்குகிறோம். மேடையிலிருந்து இறங்கியதும் தாயத்துக்கும் தகட்டுக்கும் நாள் குறித்துக் கொடுப்பவர்களிடம் வரிசையில் நிற்கிறோம். சோதிடத்தையும் பேயோட்டலையும் பற்றிச் சிங்காரவேலர் எழுதியவற்றைப் பெயரை மறைத்து நம் ஜும்ஆவில் வாசித்தால், பயான் நன்றாக இருந்தது என்று கைகுலுக்கிப் போவார்கள்.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. கான்பூர்த் தலைமையுரையில் தீண்டாமையை அவர் அடிப்படையில் பொருளாதாரச் சிக்கலாகவே கண்டார். நிலத்துக்கும் கூலிக்கும் அடிமைப்பட்ட நிலை நீங்கினால் தீண்டாமையும் நீங்கிவிடும் என்பது அவர் முடிவு. இந்த முடிவுக்கு எதிரான சான்று அவர் நகரத்திலேயே, நான்காண்டுகளுக்கு முன்பே, எரிந்து கிடந்தது. 1921இல் பக்கிங்காம் - கர்நாடிக் ஆலைகளில் நெடுங்கால வேலைநிறுத்தம் நடந்தது. 1918இல், அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியாவின் தலைமையில், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய அதே ஆலைத் தொழிலாளர்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினர். சாதி இந்துத் தொழிலாளரும், சொல்லவே கூசுகிறது, முஸ்லிம் தொழிலாளரும் அவர்களுக்கு எதிராக நின்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நேர்ந்தன. ஒரே ஆலை, ஒரே சங்கு, ஏறத்தாழ ஒரே கூலி. இருந்தும் தீ வைக்கும் கைக்கு எந்த வீடு என்று தெரிந்திருந்தது. கூலி மட்டுமே காரணமென்றால் அது எப்படித் தெரிந்தது?

இந்நகரில் வாழ்ந்து, தொழிலாளரிடையே உழன்ற சிங்காரவேலருக்கு இது தெரியாததல்ல. பின்னாளில் 'குடிஅரசில்' சாதியைக் கடுமையாகத் தாக்கியும் எழுதினார். ஆயினும் வர்க்கம் வேர், சாதி கிளை என்ற வரிசையை மாற்றிக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. இங்கே ஷாம் நாட்டுச் செய்தியே கையிலிருந்தும் அவர் ஹிஜாஸ் நாட்டுச் செய்தியை நம்பினார். கண்ணால் கண்டதைவிடப் படித்ததற்கு மதிப்பளித்தார். அறிஞர்களுக்கு நேரும் நோய் இது. நமக்கும் நேருகிறது. இஸ்லாத்தில் சாதியில்லை என்று நூலில் இருப்பதைச் சொல்லிக்கொண்டே, புளியந்தோப்பில் முஸ்லிம் தொழிலாளர் எந்தப் பக்கம் நின்றனர் என்ற பக்கத்தை நம் வரலாற்று நூல்கள் விரைவாகப் புரட்டிவிடுகின்றன. சொந்தக் குடும்பத்துக்கு எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு பணிக்கும் அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம், அலீ பின் அல்மதீனிக்கு மட்டும் இறங்கியதன்று.

மூன்றாவது, அமைப்பு. முதலில் தொடங்குவது ஒரு திறமை; தொடங்கியதை நிலைநிறுத்துவது வேறொரு திறமை. சிங்காரவேலரிடம் முன்னதே இருந்தது. அவர் அறிவித்த கட்சி வேர்பிடிக்கவில்லை. அகிம்சையை வழியாக ஏற்ற அவருடைய அறிக்கையை வெளிநாட்டிலிருந்து எம்.என். ராய் குறைகூறினார். கான்பூரில், இந்தியக் கம்யூனிசம் ருஷ்யப் போல்ஷ்விசத்தின் நகல் அல்ல என்று அவர் பேசியது இன்று எண்ணிப்பார்க்கும்போது தெளிவான பார்வையாகவே படுகிறது. அன்றோ அது அவரைத் தனிமைப்படுத்தியது. 1932 டிசம்பரில், சோவியத் நாட்டிலிருந்து திரும்பிய ஈ.வெ. ராமசாமியுடன் சேர்ந்து ஈரோட்டுச் சமதர்மத் திட்டத்தை உருவாக்கினார். அடக்குமுறை வந்ததும் ஈ.வெ.ரா. அத்திட்டத்தைத் தள்ளிவைத்து நீதிக்கட்சியை நோக்கி நகர்ந்தார். சிங்காரவேலர் மறுத்து எழுதினார்; நேர்மையாகவே எழுதினார். எழுத மட்டுமே அவரால் முடிந்தது. அவர் பின்னால் நின்றது வாசகர் கூட்டம், அமைப்பு அன்று.

சென்னையில் பொதுவுடைமைக் குழுவொன்று உண்மையில் உருப்பெற்றது வேறொருவரால். மீரட் சதி வழக்கில் தேடப்பட்டுக்கொண்டிருந்த அமீர் ஹைதர் கான் என்ற பஞ்சாப் முஸ்லிம், கப்பல் தொழிலாளியாக உலகைச் சுற்றியவர், 1931இல் மாற்றுப் பெயரில் சென்னைக்கு வந்து மறைந்து வாழ்ந்து, இளைஞர்களை ஒருவர் ஒருவராகத் திரட்டினார். ஆந்திரத்துப் பி. சுந்தரய்யா அவரால் ஈர்க்கப்பட்டவர்களில் ஒருவர். 1932இல் காவல்துறை அவரைப் பிடித்தது. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், மொழி தெரியாத ஊரில், நூலகமும் வீடும் இல்லாமல் அவர் நட்டது முளைத்தது. சிங்காரவேலரின் பத்தாண்டு உழைப்பு முளைக்காத இடத்தில் இது ஏன் முளைத்தது என்பதைக் கட்சி வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு ஆராயவில்லை. நம் கருத்து இதுதான்: சிங்காரவேலர் கூட்டத்துக்குப் பேசினார், அமீர் ஹைதர் கான் ஆளோடு பேசினார். மக்காவில், அர்க்கமின் வீட்டில், அழைப்புப் பணி தொடங்கிய முறையை அறிந்தவர்களுக்கு இவ்வேறுபாடு விளங்கும். ஒப்பிடுவது முறையை மட்டுமே.

சிங்காரவேலர் 1946 பிப்ரவரி 11 அன்று மறைந்தார். ராஜாஜி சாலையிலுள்ள சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு இன்று அவர் பெயர்: சிங்காரவேலர் மாளிகை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மெரினாவை ஒட்டிய குப்பங்களுக்குள் புகுந்தது. கான்பூர் மாநாட்டின் நாளும் அதுவே. அவர் பிறந்த குப்பத்தின் மக்கள் மனுவோடு போய் நிற்கவேண்டிய கட்டிடம், அவர் பெயர் தாங்கிய கட்டிடமாகவே இருக்கிறது.

மீண்டும் கான்பூர் மேடைக்கு வருகிறோம். அவரைப் பற்றிய நம் கடைசிக் குறைகூறல் அங்கேதான் இருக்கிறது. வரவேற்புரையில் மௌலானா மோஹானி, கம்யூனிசம் இஸ்லாத்துக்கு எதிரானது என்போரை மறுத்து, முதலாளித்துவத்தை இஸ்லாம் ஏற்பதில்லை என்ற கருத்தை விரித்துப் பேசினார். மோஹானியின் இணைப்பில் நாம் உடன்படாத இடங்கள் உண்டு. தனியுடைமையை அடியோடு மறுப்பது ஷரீஅத்துக்கு ஒவ்வாது. செல்வம் செல்வர்களிடையே மட்டும் சுற்றிக்கொண்டிருக்கலாகாது என்ற அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் கருத்திலிருந்து அந்த முடிவுக்குத் தாவ முடியாது. அபூதர் அல்கிஃபாரீ (ரலி) அவர்கள் செல்வக் குவிப்பைக் கண்டித்த கண்டிப்பையும் ஏனைய ஸஹாபாக்கள் அதில் கொண்ட கருத்து வேறுபாட்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். இவை நாம் மோஹானியோடு நடத்தவேண்டிய வழக்கு.

சிங்காரவேலர் மீதுள்ள வழக்கு வேறு. இறைநம்பிக்கை உழைப்பவனை உறங்கவைக்கும் என்பது பின்னாளில் அவர் மீண்டும் மீண்டும் எழுதிய கருத்து. அதற்கு மறுப்பாக ஒரு மனிதர், தொழுகையை விடாதவர், சிறைக்கு அஞ்சாதவர், முழுவிடுதலையைக் காந்தியடிகளின் முகத்துக்கு நேராகக் கேட்டவர், அவரை அந்த மேடைக்கு வரவேற்றுப் பேசிக்கொண்டிருந்தார். சான்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. பத்தாண்டுகள் கழித்துச் சென்னையில் மதத்தைப் பற்றி எழுத அமர்ந்தபோது, அந்த மௌலானாவை அவர் தம் வாதத்தில் எங்கே வைப்பது என்று யோசித்ததாகத் தெரியவில்லை. மேசைமேல் இருந்த ஐரோப்பிய நூல்களை யோசித்தார்.